மாநாட்டில் நான் கேட்ட கேள்வி

கோயமுத்தூர்ப் பக்கத்து நோயாளியிடம் வலி குறைந்ததா என்று கேட்பதைப் போல வீண் வேலை உலகத்தில் இல்லை. குறைந்துவிட்டது என்றுதான் சொல்வார். அவ்வளவு நேரம் அவருடைய காலைப் பிடித்துக்கொண்டு நாம் வியர்த்திருக்கிறோம்; முகத்துக்கு நேராக "ஒன்றும் ஆகவில்லை" என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. "இப்பத் தேவலைங்க" என்பார். வெளியே போய் டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் "ஒண்ணும் பிரயோசனமில்லைங்க" என்று புலம்புவார். அடுத்த நாள், நாம் காத்திருப்போமே என்று திரும்பவும் வருவார். கல்லூரியில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. எங்கள் பாடப் புத்தகங்கள் எல்லாம், கேட்டால் உள்ளதைச் சொல்லும் ஊர்களில் எழுதப்பட்டவை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் கேட்டுக் கேட்டு ஏமாந்தேன். என் கை பட்டவர்களுக்கெல்லாம் குணமாகிறது என்ற பூரிப்பில் வீட்டுக்குப் போவேன். பிறகுதான் புத்தி வந்தது. கேட்பதைக் குறைத்துக்கொண்டு பார்க்கத் தொடங்கினேன். செருப்பை எப்படி மாட்டுகிறார், பெஞ்சிலிருந்து எந்தக் கையை ஊன்றி எழுகிறார், கதவைத் தோளால் தள்ளுகிறாரா கையால் தள்ளுகிறாரா என்றெல்லாம் கவனித்தேன். வாய்தான் நம் மனம் நோகக் கூடாது என்று பார்க்கும். உடம்பு அதையெல்லாம் பார்க்காது.

அப்போது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சிங்காநல்லூர் போகிற வழியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்டாக இருந்தேன். எக்ஸ்ரே அறைக்குப் பின்னால், காற்று வராத ஒரு நீள அறை எங்களுடையது. கழுத்தையும் இடுப்பையும் இழுத்துக் கட்டும் கட்டில், வலிக்கு ஒத்தடம் கொடுக்கும் மெழுகுத் தொட்டி, கரண்ட் வைக்கும் மெஷின், அவ்வளவுதான் எங்கள் சொத்து. "கரண்ட் வெக்கற ரூம் எதுங்க?" என்று கேட்டுக்கொண்டுதான் எல்லோரும் வருவார்கள். சுற்றிலும் மில்கள். ஷிஃப்ட் முடிந்ததும் தலைமுடியில் பஞ்சுத் தூசியோடு வந்து வரிசையில் உட்காருவார்கள்.

எங்கள் பகுதிக்குத் தலைவராக ஒரு மூத்தவர் இருந்தார். நாங்கள் அவரை சார் என்போம். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். கைராசிக்காரர் என்று பேர் வாங்கியவர், யார் மனதும் நோகாமல் பேசுவதில் கெட்டிக்காரர். எதிராளி முட்டாள்தனமாக எதைச் சொன்னாலும் "அதுவும் சரிதானுங்க" என்று தொடங்குவார். நான் அப்படி இல்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், ஆஸ்பத்திரியிலும் சொன்னார்கள்.

அந்தப் பெண் எங்களிடம் வந்தது ஒரு மழைக்காலத்தில். நாற்பது வயது இருக்கும். மில்லில் நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பகுதியில் வேலை. மெஷின் ஓடும்போது அறுந்த நூலைப் பிடித்து முடிச்சுப் போட்டுப் போட்டு விடுவதுதான் நாள் முழுவதும் அவருக்கு வேலை. கழுத்து வலி என்று வந்தார். கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. கழுத்து வலிக்கு நாங்கள் தினமும் பத்துப் பேரைப் பார்ப்பவர்கள்தான். ஆனால் இவர் போகும்போது சோறு கொண்டுவரும் தூக்குப்போசியின் மூடியை மூட முடியாமல் தடுமாறியதைப் பார்த்தேன். இன்னொரு நாள் புடவை மடிப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றச் சொன்னபோது, விரல்கள் அதைத் தேடின, பிடிக்க முடியவில்லை. நடையிலும் ஒரு விறைப்பு இருந்தது.

"அக்கா, மில்லுல முடிச்சுப் போட முடியுதுங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் போட்டுர்றனுங்க அம்மணி. பக்கத்து மெஷின்காரி சித்தெ ஒத்தாசை பண்ணுவா" என்றார் சிரித்துக்கொண்டு.

கையை வேகமாக மூடித் திறக்கச் சொன்னேன். நல்ல கையென்றால் படபடவென்று மூடித் திறக்கும். அவருக்குக் கடைசி இரண்டு விரல்களும் திறக்காமல் பின்தங்கி நின்றன. இது வெறும் கழுத்து வலி இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. சாரிடம் சொல்லி, அவர் மூலமாக சர்ஜனிடம் அனுப்பி, ஸ்கேன் எடுத்தார்கள். கழுத்து எலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருந்தது. சீக்கிரம் ஆபரேஷன் செய்தால் கை மிச்சமாகும், தள்ளிப்போட்டால் போனது திரும்பாது என்று சர்ஜன் சொல்லிவிட்டார். தை மாதம் என்று முடிவானது.

அவருக்குக் கை என்றால் மில் வேலை. மில் வேலை என்றால் மகள். பிளஸ் டூ படிக்கும் ஒரே மகள். கணவர் லாரி புக்கிங் ஆபீஸில் இருந்தார். அவருடைய வருமானம் அவருக்கே போதாது என்று அவரே சொல்வார். "என்ற புள்ள அந்தப் பஞ்சுத் தூசிய மோந்துகூடப் பாக்கப்படாதுங்க அம்மணி. அதைக் காலேசுக்கு அனுப்பிப்போட்டுத்தான் நான் உக்காருவேன்" என்று கழுத்தைக் கட்டிலில் கட்டியிருக்கும்போதே சொல்வார். ஆபரேஷனுக்கு அவர் ஒத்துக்கொண்டதும் அந்த மகளுக்காகத்தான்.

அந்த மார்கழியில்தான் எங்கள் ஊரில் பிசியோதெரபி சர்வதேச மாநாடு நடந்தது. நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டலின் மண்டபத்தை எடுத்திருந்தார்கள். நடத்துகிறவர்களில் எங்கள் ஆஸ்பத்திரியும் உண்டு; சார்தான் வரவேற்புக் குழுத் தலைவர். வெளிநாட்டிலிருந்து ஒரு நிபுணர் வருகிறார் என்று பல மாதங்களாகவே பேச்சு. அவர் பேச எடுத்துக்கொண்ட தலைப்பு, நாங்கள் செய்யும் சிகிச்சையை நாங்களே எப்படிச் சந்தேகித்துப் பார்ப்பது என்பது. கேள்வி கேட்கும் பழக்கத்தை வளர்க்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதாக சார் எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்.

சொல்லிவிட்டுக் கேள்விகளைப் பங்கு பிரித்தார்.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. போன தடவை வேறொரு வெளிநாட்டுக்காரர் பேசி முடித்து "கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டபோது மண்டபமே வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். பெரிய தலைகுனிவாகிவிட்டதாம். இந்தத் தடவை அப்படி ஆகக் கூடாது என்று யார் என்ன கேட்க வேண்டும், யாருக்குப் பின் யார் எழ வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுத்தார். கேள்விக்கு முன்னால் பாராட்டாக ஒரு வரி சொல்ல வேண்டும். கேட்பது அவருக்குச் சங்கடம் தரக் கூடாது. எனக்கு ஒதுக்கப்பட்ட கேள்வி, "உங்கள் சிகிச்சை முறையை நாங்கள் கற்றுக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?" என்பது. கல்யாணப் பந்தியில் யார் எந்த வரிசைக்குப் பரிமாறுவது என்று பிரித்துக்கொடுப்பார்களே, அதே சுறுசுறுப்போடு அது நடந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் "பதிலையும் இப்பவே சொல்லிட்டா மனப்பாடம் பண்ணிக்கலாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

பிறகு, நிபுணர் மேடையில் செய்து காட்ட ஒரு நோயாளி வேண்டும் என்றார் சார். கழுத்து வலிக்காரர்தான் வேண்டும். கையைத் தூக்க முடியாதவராக இருந்தால் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இருக்கும். சார் அந்தப் பெண்ணைச் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "சார், அவங்களுக்குத் தையில ஆபரேசன். தண்டுவடம் அழுத்தியிருக்குது. மேடையில வெச்சு எதுக்குங்க?"

"அதுவும் சரிதானம்மணி. ஆனா அவரு என்ன கழுத்தத் திருகியா போடப்போறாரு? மெதுவா, தடவுறாப்லதான் பண்ணுவாரு. ஸ்கேனு சர்ஜன் சமாச்சாரம். வலி நம்ம சமாச்சாரம். வலி கொறைஞ்சா அந்தம்மாளுக்கும் நல்லதுதான?"

"ஸ்கேன்ல என்ன இருக்குதுன்னு அவருகிட்டச் சொல்லிருங்க சார்."

"சொல்லிருவோம், சொல்லிருவோம்."

இரண்டு முறை சொன்னார் என்றால் சொல்லப்போவதில்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. இருந்தாலும் அவர் சொல்லாவிட்டால் நான் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மாநாட்டன்று அந்த அக்காவை ஆட்டோவில் கூட்டிவரும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அவர் பட்டுப்புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்திருந்தார். கணவரும் மகளும்கூட வந்தார்கள். கணவர் வெள்ளை வேட்டி சட்டையில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் மாதிரி இருந்தார். "நம்மளையெல்லாம் இப்படியொரு எடத்துக்குக் கூப்புடுவாங்கன்னு நெனைச்சே பாக்கலீங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். மண்டபத்துக் குளிரில் அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கண்ணாடி விளக்குகளை அண்ணாந்து பார்த்தார். மகள் வாசலிலேயே செருப்பைக் கழற்றப் போனாள், நான்தான் தடுத்தேன்.

நிபுணரின் அருகே நெருங்க முடியவில்லை. அவரைச் சுற்றி எப்போதும் ஒரு கூட்டம். ஒருவர் இளநீர் நீட்டுகிறார், ஒருவர் போட்டோவுக்கு நிற்கிறார். ஆள் நல்ல உயரம், வெயிலில் சிவந்த முகம், எல்லோரையும் பார்த்துத் திகைப்போடு சிரித்துக்கொண்டிருந்தார். வரவேற்புரைகள் அவருடைய பேச்சை விட நீளமாக இருந்தன.

அவர் நன்றாகவே பேசினார். அதை மறைக்க மாட்டேன். தொலைவிலிருந்து வந்திருக்கிறேன் என்பதற்காக என்னை நம்பாதீர்கள் என்றார். நோயாளி தேறியது நம்மாலா, தானாகவா, அல்லது தேறவே இல்லையா என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள் என்றார். நான் பல தடவை தவறாக நினைத்திருக்கிறேன், நீங்கள்தான் என்னைத் திருத்த வேண்டும் என்றார். ஒவ்வொரு வரிக்கும் மண்டபம் கைதட்டியது. என்னை நம்பாதே என்று ஒருவர் சொல்ல, அதை இத்தனை பேர் அப்படியே நம்பியதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

பிறகு அக்காவை மேடைக்கு அழைத்தார்கள். மொழிபெயர்க்க சார் நின்றார். மில் தொழிலாளி, நாள்பட்ட கழுத்து வலி என்று அறிமுகம் செய்தார். அவ்வளவுதான். ஸ்கேன் பற்றிப் பேச்சில்லை. நிபுணர் விடவில்லை, கையில் மரத்துப்போகிறதா, பிடி நழுவுகிறதா என்று தானாகவே கேட்டார். சார் அதைத் தமிழில் கேட்டார், சிரித்த முகத்தோடு, தலையை லேசாக ஆட்டிக்கொண்டு. அந்தச் சிரிப்பைப் பார்த்து அக்கா சொன்னார், "அப்படியொண்ணும் இல்லீங்க."

நிபுணர் அவரைக் குப்புறப் படுக்க வைத்துக் கழுத்திலும் தோளிலும் மெதுவாக அழுத்தினார். முரட்டுத்தனம் எதுவும் இல்லை. அதனால் ஒரு கெடுதலும் வந்திருக்காது. கொஞ்ச நேரம் கழித்து உட்காரவைத்துக் கையைத் தூக்கச் சொன்னார். அக்கா தூக்கினார். தோளுக்கு மேலே, காதுக்குப் பக்கத்தில் போனது கை. அவர் பல்லைக் கடித்திருந்ததைப் பார்க்க நான் கிட்டே போக வேண்டியிருக்கவில்லை. அந்த முகத்தை நான் தினமும் பார்க்கிறவள்.

"எப்படி இருக்குதுங்க?" என்றார் சார் மைக்கில்.

"நல்லாயிருச்சுங்க. சுமைய எறக்கி வெச்சாப்ல இருக்குதுங்க."

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கணவர் முதல் வரிசையில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கேள்வி நேரம் வந்தது. ஒதுக்கப்பட்டவை வரிசைப்படி ஒழுங்காக வந்தன. பாராட்டு, கேள்வி, நன்றி. நிபுணரின் முகம் ஒவ்வொரு கேள்விக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது எனக்குத் தெரிந்தது. மைக் என்னிடம் வந்தது. ஆத்திரத்தோடுதான் எழுந்தேன்.

ஒதுக்கிய கேள்வியை நான் கேட்கவில்லை. எங்கள் ஊரில் வீடு தேடி வந்தவரிடம் யாரும் "நீங்கள் செய்தது சரியாகவில்லை" என்று சொல்ல மாட்டார்கள், அப்படியிருக்க இவர் நன்றாகிவிட்டது என்று சொல்வதை நாம் எப்படி எடுத்துக்கொள்வது என்று இங்கிலீஷில் கேட்டேன். கையை வேகமாக மூடித் திறந்து காட்டச் சொல்லுங்கள் என்றேன். இவருடைய ஸ்கேன் என்று தொடங்கியபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மைக்கை அணைத்துவிட்டிருந்தார்கள்.

நிபுணர் மேடையின் விளிம்புக்கே வந்துவிட்டார். காலையிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்தேன் என்றார். அக்காவின் பக்கம் திரும்பி, செய்து காட்டச் சொன்னார். சார் அதைத் தமிழில் சொன்னார்: "நம்ம அம்மணிதான் கேக்கறாங்க, உங்களுக்கு நெசமாலுமே நல்லாயிருச்சுங்களான்னு. கைய மூடித் தொறந்து காட்டுங்க பாக்கலாம்."

அக்கா கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். கையை முன்னை விட உயரமாக, தலைக்கு மேலேயே தூக்கினார். அங்கே வைத்து விரல்களை மூடித் திறந்தார். அவ்வளவு உயரத்தில், அந்த விளக்கு வெளிச்சத்தில், விரல்களை யார் பார்த்தார்கள்? கடைசி இரண்டு விரல்கள் திறக்காததை நான் பார்த்தேன். நிபுணரும் ஏதோ பார்த்திருக்க வேண்டும். புருவத்தைச் சுருக்கிக்கொண்டு அக்காவின் பக்கம் ஓரடி வைத்தார். அதற்குள் கைதட்டல். அக்கா சட்டென்று கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். சார் கண்ணைக் காட்ட, பொன்னாடையோடு ஒருவர் மேடையேறி நிபுணரின் தோளில் போர்த்தினார். அவர் பொன்னாடையிலிருந்து தலையை வெளியே எடுப்பதற்குள் நிகழ்ச்சி முடிந்துவிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் அவரைப் பிடித்தேன். ஸ்கேனைப் பற்றிச் சொன்னதும் தட்டைக் கீழே வைத்துவிட்டார். "என்னிடம் யாரும் சொல்லவில்லையே" என்றார். சாரைக் கூப்பிட்டு, அந்தப் பெண்ணின் ஆபரேஷனைத் தள்ளிப்போடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். சார் கையைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றார். உடனே ஏற்பாடு செய்கிறோம் என்றார். நிபுணர் நிம்மதியாகிவிட்டார். பாவம், நாங்கள் எல்லோருக்கும் கொடுக்கும் பதில்தான் அவருக்கும் கிடைத்தது. அன்று சாயங்காலமே அவருக்கு ஊட்டியைக் காட்ட அழைத்துப் போனார்கள்.

திங்கட்கிழமை சார் என்னைத் தனியே கூப்பிட்டார். சத்தம் போடவில்லை. அவர் சத்தம் போட்டே நான் கேட்டதில்லை.

"ஏம்மணி, ஊட்டுக்கு வந்த ஒரம்பரைய நிக்க வெச்சுக் கேள்வி கேக்கறதுங்களா?"

"அவரே கேக்கச் சொன்னாரு சார். அதுக்குத்தான் மாநாடே."

"அவரு பெருந்தன்மையாச் சொல்லுவாரு. நாம கேட்டுப்போடறதா?"

மறு வாரம் என்னை வெளிநோயாளிப் பகுதியிலிருந்து எடுத்து, ஆபரேஷன் முடிந்தவர்கள் படுத்திருக்கும் மாடி வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். உங்களுக்கு அனுபவம் கிடைக்கும் என்றார் சார். என் நோயாளிகள் யாரும் பிறகு என் கண்ணில் படவில்லை.

தை பிறந்தது. அக்காவுக்குக் குறித்த நாளில் அவர் வரவில்லை. சர்ஜனைக் கேட்டேன். குணமாகிவிட்டதாம், ஆபரேஷன் வேண்டாம் என்று கணவர் வந்து சொல்லிவிட்டாராம். இஷ்டமில்லாதவரை எப்படி அறுப்பது என்று அவர் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருந்த, சுவரோடு சுவர் ஒட்டிய லைன் வீட்டுக்குப் போனேன். கணவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மாநாட்டுக் கதையை லைன் முழுக்கச் சொல்லியிருக்கிறார் என்பது, என்னைப் பார்க்க வந்து வாசலில் நின்றவர்களைப் பார்த்ததும் தெரிந்தது. அக்கா காபி கொண்டுவந்தார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான் சுற்றி வளைக்கவில்லை. இது குணமாகவில்லை, கை போய்விடும், கால் போய்விடும், அந்த வெளிநாட்டுக்காரரே ஆபரேஷன் செய்யத்தான் சொன்னார் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன்.

கணவர் முகம் சுருங்கியது. "அம்மணி, நீங்க சொல்றீங்க, சரிங்க. ஆனா அவ்வளவு பெரியவரு கை வெச்சு, அத்தன டாக்டருங்க பாத்துக் கை தட்டிப்போட்டாங்க. இதுக்கு மேல கழுத்துல கத்தி எதுக்குங்க?" பிறகு, விருந்தாளியின் மனம் நோகக் கூடாது என்று, "யோசிச்சுச் சொல்றனுங்க" என்றார்.

அக்கா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நூறு பேர் நடுவில் தன்னைப் பொய்க்காரியாக்கிவிட்டேன் என்று என் மேல் கோபம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு அழுகை வந்தது. கோபத்தில் வந்த அழுகைதான். அந்தக் கணவர் மேல், சார் மேல், கைதட்டியவர்கள் ஒவ்வொருவர் மேலும்.

வைகாசியில் அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மில் வாசல் படியில் கால் மடங்கி விழுந்தவர் எழவே இல்லை. அன்றே ஆபரேஷன் செய்தார்கள். மாடி வார்டில், நான் இருந்த வார்டில்தான், கொண்டுவந்து போட்டார்கள்.

மகள் பக்கத்திலேயே இருந்தாள். சோறு ஊட்டினாள், தலை வாரினாள், முகம் கழுவிவிட்டாள். பிளஸ் டூவில் நல்ல மார்க். பி.எஸ்.ஸி.க்குக் கல்லூரியில் இடமும் கிடைத்திருந்தது. நான் தினமும் அக்காவின் காலை மடக்கி நீட்டி, எழுப்பி உட்காரவைத்தேன். காலில் கொஞ்சம் கொஞ்சமாக உயிர் வந்தது. பிடித்துக்கொண்டு நிற்கவும் பழகினார். கைக்கு எதுவும் வரவில்லை. நான் விரல்களை விரித்து வைப்பேன், விட்டதும் சுருண்டுகொள்ளும்.

ஒரு மத்தியானம், மகள் பாத்திரம் கழுவப் போயிருந்தபோது, அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "அக்கா, அன்னைக்கு மேடையில கையில ஒண்ணும் இல்லைன்னு எதுக்குங்க சொன்னீங்க? விரல் வரலைன்னு உங்களுக்குத் தெரியுமில்லீங்க?"

"தெரியாம என்னங்க அம்மணி. கையத் தூக்குனதுல உசுரே போயிருச்சு."

"பொறகு எதுக்குங்க?"

அவர் என்னைப் பார்த்தார். இது கூடவா தெரியவில்லை என்கிற பார்வை. "நீங்கதானுங்க என்னையக் கூட்டிட்டுப் போனீங்க. அத்தன பேரு நடுவுல, ஆகலீங்கன்னு நான் சொன்னா யாரப் பேசுவாங்க? இந்தப் புள்ள எங்கிருந்து இப்படியொரு சீக்காளியப் புடிச்சாந்துச்சுன்னு உங்களத்தான பேசுவாங்க. வேலைக்கு ஒண்ணு ஆகிப்போச்சுன்னா?"

"நான்தான் எந்திரிச்சுக் கேட்டனேக்கா! உண்மையச் சொல்லட்டும்னுதான கேட்டேன்!"

"கேட்டீங்க. நான் சொன்னது பத்தலையாட்ட இருக்குது, இன்னும் கொஞ்சம் நல்லாச் சொல்லோணும்னு அம்மணி நெனைக்கறாங்கன்னுதானுங்க கைய இன்னும் மேல தூக்குனேன்." ஃபேனைப் பார்த்தபடி தொடர்ந்தார். "பொறகு இவரு ஊரெல்லாஞ் சொல்லிப்போட்டாருங்க. மாத்திச் சொல்ல வெக்கமாப் போச்சு. கத்தின்னா பயமும்தானுங்க."

என் கையில் இருந்த அவருடைய கையைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, பிடித்திருக்கவும் முடியவில்லை. அவ்வளவு நாளும் நான் ஊரையே திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது திட்ட ஆள் இல்லை. அவர் செய்தது எல்லாம் எனக்காக. கைதட்டிய மண்டபத்தின் மேல் வந்த கோபத்தை விட இது கொடுமையாக இருந்தது. கேட்கத் தெரிந்துவிட்டால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். கேட்பவர்மேல் ஒருவருக்குப் பாசம் இருந்தால் அந்தக் கேள்விக்கு என்ன ஆகும் என்று எந்த நிபுணரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மகள் பாத்திரத்தோடு திரும்பி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். அக்கா அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங் அம்மணி, நான் ஒண்ணு கேக்கறேன். எம் மனசு நோகும்னு பாக்காமச் சொல்லோணும். இந்தக் கை மறுக்கா முடிச்சுப் போட வருமுங்களா?"

அத்தனை மாதத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். பார்க்கலாங்க, போகப் போகத் தெரியுங்க, கடவுள் இருக்காருங்க என்று சொல்ல எத்தனையோ வார்த்தைகள் எங்கள் ஊரில் இருக்கின்றன. எல்லாம் வாய்வரை வந்தன.

"வராதுங்க அக்கா" என்றேன்.

அவர் தலையசைத்தார். அழவில்லை. பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் படுத்துக்கொண்டாள். ஜன்னல் வழியாக ஷிஃப்ட் சங்கு கேட்டது. அது அடங்கியதும் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"கண்ணு, நாளைக்கு வெடியால மில்லுக்குப் போயி சூப்பர்வைசரப் பாரு. என்ற எடத்த எனக்குன்னுதான் வெச்சிருக்கறாங்க. எங்கம்மாளுக்குப் பதுலு நான் வாரேன்னு சொல்லிப்போட்டு வா."

"செரீங்ம்மா" என்றாள் மகள். ஏன் என்று கேட்கவில்லை.